சும்மா தைத்த சட்டைக்கு என்ன விலை?

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தின நிகழ்ச்சியில், ஆங் மோ கியோவில் ஆற்றிய உரை)





கல்வியைப் பற்றியும் சமுதாய வரலாற்றைப் பற்றியும் பேச இந்த மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் ஏற்பாட்டாளர்கள், "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள், அது போதும்" என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது துணி. தேக்கா பக்கம் துணியும் நூலும் பட்டனும் எலாஸ்டிக்கும் விற்கும் குடும்பம் நாங்கள். குடியிருப்பது இதே ஆங் மோ கியோவில். ஆகவே வீட்டில் குழந்தைகளுக்குத் தைக்கும் சட்டை, பின்னும் தொப்பி ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறோம்.

துணி நமக்குப் புதிதல்ல. நம் உறுப்பினர் குடும்பங்களில் பலவற்றுக்கு வேர் கடையநல்லூரிலும் தென்காசியிலும் இருக்கிறது. கடையநல்லூரில் நம்மவர்களின் முக்கியத் தொழில் நெசவாக இருந்தது. ஆலைத் துணி வந்து கைத்தறிக்கு வேலை குறைந்தபோது, நம் முன்னோர் கப்பலேறினார்கள். தமிழ் முஸ்லிம்களில் வேறு ஊர் வணிகர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வந்து போனார்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்களோ மனைவி மக்களோடு வந்து தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். அங்கே நம் பாட்டிமார் சும்மா இருக்கவில்லை. அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். அந்த வருமானத்தில் பிள்ளைகள் படித்த கதை இந்த அரங்கில் பல குடும்பங்களுக்கு உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். அரைத்த மசாலாவை அளந்து கொடுத்தார்கள், அளவுக்குக் காசு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் காசு கொடுத்துத்தான் வாங்கினார். வீட்டில் இருந்தபடி பெண்கள் செய்யும் வேலைக்கு விலை உண்டு என்பதை நம் சமூகம் என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

ஆங் மோ கியோ நகரைக் கட்டத் தொடங்கியது 1973இல். பழைய இடங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிய குடும்பங்களோடு கால் மிதி தையல் மெஷினும் மாடி ஏறியது. அப்போது சிங்கப்பூரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் நிறைய இருந்தன. சில வீடுகளுக்கு வெட்டிய துணி மூட்டையாக வரும், தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இத்தனை காசு என்று கூலி வரும் எனப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிறகு அந்தத் தொழிற்சாலைகள் கூலி குறைந்த நாடுகளுக்குப் போயின. மெஷின் வீட்டில் தங்கியது. அதில் பிள்ளைகளின் பெருநாள் சட்டையும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஜப்லாவும் மட்டும் தைக்கப்பட்டன. உருப்படிக்குக் காசு என்ற கணக்கு போய், "சும்மா தைத்துக் கொடேன்" என்ற பேச்சு வந்தது.

அந்தக் கைவேலை செத்துவிட்டதா? இல்லை. 2020 ஏப்ரல் 14 முதல் முகக்கவசம் கட்டாயமானது நினைவிருக்கும். அந்த நாட்களில் மெல்லிய எலாஸ்டிக் கேட்டு எங்களுக்கு வந்த அழைப்புகளுக்கு அளவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த மெஷின்கள் எண்ணெய் கண்டன. முகக்கவசத்தில் தொடங்கிய சில இளம் தாய்மார்கள் இன்று குழந்தைகளுக்குக் கவுனும் பாவாடை சட்டையும் தைக்கிறார்கள். எங்களிடம் துணி எடுக்கும்போது தைத்ததைக் கைப்பேசியில் காட்டுவார்கள். வேலை சுத்தமாக இருக்கும். "எவ்வளவுக்குக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். "சொந்தக்காரங்க, எப்படிக் கேட்கிறது?" என்பார்கள்.

இந்தச் சிரிப்புக்குப் பின்னால் உள்ள கணக்கை இன்று போட்டுப் பார்ப்போம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் செலவுக் கணக்கு என்றால் மூன்று வரி எழுதச் சொல்வார்கள்: மூலப்பொருள், உழைப்பு, இதரச் செலவு. இரண்டு வயதுக் குழந்தைக்கு லைனிங் வைத்த ஒரு பருத்திக் கவுன் என்று வைத்துக்கொள்வோம். துணி 8 வெள்ளி, லைனிங் 2 வெள்ளி, நூல், பட்டன், எலாஸ்டிக் 2 வெள்ளி. ஆக 12 வெள்ளி. வெட்ட அரை மணி நேரம், தைக்க இரண்டு மணி நேரம், காஜா எடுத்துக் கீழ் மடிப்பு தைக்க அரை மணி நேரம். ஆக மூன்று மணி நேரம். இதை 20 வெள்ளிக்குக் கொடுத்தால் கையில் நிற்பது 8 வெள்ளி. மணிக்கு மூன்று வெள்ளிகூட இல்லை. மின்சாரமும், ஊசி மாற்றும் செலவும், தேக்காவுக்கு வந்து போகும் பேருந்துக் கட்டணமும் இன்னும் எழுதவில்லை. மணிக்கு 10 வெள்ளி என்று உழைப்பை எழுதினால் அதே கவுன் 42 வெள்ளி.

"கடைத்தொகுதியில் 15 வெள்ளிக்குக் கிடைக்கிறதே, 42 கொடுத்து யார் வாங்குவார்?" என்று நீங்கள் கேட்பது நியாயம். வியாபாரிகளான நாங்களும் அப்படித்தான் கேட்போம். தொழிற்சாலையில் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் பல உருப்படிகளை எடுக்கிறார்கள். ஒருவர் தோள் மட்டும், ஒருவர் கை மட்டும், ஒருவர் காஜா மட்டும் தைக்கிறார். திருப்பூரில் பின்னலாடை அப்படித்தான் குவிகிறது. அந்த விலையோடு வீட்டு மெஷின் மோதக் கூடாது. குழந்தைக்குச் சாதாரண பனியன், ஜட்டி வேண்டுமா? கடையில் வாங்குங்கள். துணிக்கடைக்காரர்களே இதைச் சொல்கிறோம்.

தொழிற்சாலையால் முடியாதது எதுவோ அதைத் தைப்பதுதான் வீட்டுத் தையலின் வழி. நாங்கள் பார்த்தவரை அப்படி நான்கு இருக்கின்றன.

முதலாவது, வளரும் சட்டை. கீழே மூன்று விரற்கடை மடிப்பு, இடுப்புக்கு மேலே ஒரு டக், பக்கத் தையலில் தாராளமாக உள்துணி என்று விட்டுத் தைத்தால், பிரித்துவிடப் பிரித்துவிட இரண்டு பெருநாளைக்கு வரும். பிறகு தங்கைக்கும் ஆகும்.

இரண்டாவது, பெருநாளைக்குக் குடும்பமே ஒரே துணியில் உடுத்துவது. அத்தாவுக்கும் மகனுக்கும் பாஜு மெலாயு, அம்மாவுக்கும் மகளுக்கும் பாஜு குரோங். கடையில் பெரியவர் அளவு இருந்தால் கைக்குழந்தை அளவு இருக்காது.

மூன்றாவது, பாட்டியின் சேலையில் பேத்திக்குப் பாவாடை சட்டை. அந்தச் சேலை எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை.

நான்காவதுதான் மிக முக்கியம். சில குழந்தைகளுக்குக் கழுத்து லேபிள் உரசினாலே தாங்காது. சிலரால் கையைத் தூக்கிச் சட்டைக்குள் விட முடியாது. சக்கர நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பின்பக்கத் தையல் அழுத்தும். முன்பக்கம் முழுதும் திறக்கும்படி, பட்டனுக்குப் பதில் ஒட்டு நாடா வைத்து, தையலை வெளிப்பக்கம் திருப்பித் தைத்துக் கொடுக்க ஓர் அக்கா இருந்தால் அந்தத் தாய்க்குத் தினமும் காலையில் ஒரு போராட்டம் குறையும். இப்படிப்பட்ட சட்டைக்கு 42 வெள்ளி அதிகமா?

விலை கேட்க வேண்டுமானால் வேலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். பெரியவர் சட்டையைச் சிறிதாக வெட்டினால் குழந்தைச் சட்டை ஆகாது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர், நெஞ்சுச் சுற்றளவைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். ஆகவே கழுத்து தாராளமாகத் திறக்க வேண்டும். தோளில் பட்டன் வைக்கலாம், அல்லது முன்பக்கம் கட்டும் ஜப்லாவாகத் தைக்கலாம். பருத்தித் துணியை வெட்டும் முன் ஒருமுறை துவைத்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் சட்டை சுருங்கும், பேரும் சுருங்கும்.

அடுத்தது பாதுகாப்பு. கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடா வேண்டாம். விளையாட்டுச் சறுக்கில் மாட்டிப் பிள்ளைகள் கழுத்து இறுகி இறந்திருக்கிறார்கள். 1996இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே வழிகாட்டி வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் சட்டையில் பட்டனை நாலு முறை குத்தி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பாருங்கள். கழன்றால் அது வாய்க்குத்தான் போகும். கைக்குழந்தையின் கையுறையைத் திருப்பி, உள்ளே தொங்கும் நூலை ஒட்ட வெட்டுங்கள். ஒரு நூலிழை பிஞ்சு விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டமே நின்றுவிடும். குழந்தை எதற்கு அழுகிறது என்று வெளியே தெரியாது. தைக்க உட்காரும்போது குண்டூசியை எண்ணி எடுங்கள், முடிந்ததும் எண்ணி வையுங்கள்.

பின்னல் வேலைக்கு வருவோம். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கம்பளி நூல் ஆகாது. பருத்தி நூலில் தொப்பியோ காலுறையோ பின்னலாம். கம்பளி வேண்டுமானால் லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் பேரப்பிள்ளைக்குப் பின்னுங்கள். ஆனால் பின்னலுக்கு மேலே சொன்ன கணக்குச் சரிப்படாது. ஒரு சின்ன ஸ்வெட்டருக்குப் பதினைந்து மணி நேரம் என்று வைத்தால் உழைப்பு மட்டும் 150 வெள்ளி. அதை யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் அதை விற்க வேண்டாம். அது அன்பளிப்பு.

எங்கள் பேச்சின் மையம் இதுதான். அன்பளிப்பு வேறு, சும்மா வாங்குவது வேறு. அன்பளிப்பு என்று முடிவு செய்ய வேண்டியவர் தைப்பவர். வாங்குகிறவர் அதை முடிவு செய்ய முடியாது. அக்கா மகளுக்குப் பிரியப்பட்டு ஒரு கவுன் தைத்துக் கொடுத்தால் அது பாசம். "உனக்கு வீட்டில் என்ன வேலை, நாலு கவுன் தைத்துக் கொடேன்" என்றால் அது பன்னிரண்டு மணி நேர உழைப்பு. கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. உறவுக்காரர் என்பதால் அந்தக் கடமை தள்ளுபடி ஆகாது. உறவுக்காரருக்குக் கூடுதலாகக் கொடுப்பதல்லவா அழகு?

வீட்டில் தைத்து விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று பலர் எங்களைக் கேட்கிறார்கள். வீவக வீட்டில் குடியிருப்பவர் சிறிய அளவில் தையல் வேலை செய்யத் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு வைக்கக் கூடாது. வீட்டு வாசலில் விளம்பரப் பலகை கூடாது. அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தரக் கூடாது. வீடு கிடங்காக மாறக் கூடாது. இரவு பத்து மணிக்குமேல் மெஷின் ஓட்டாமல் இருந்தாலே கீழ்வீட்டுக்காரர் துஆ செய்வார்.

சகோதரிகளுக்கு வியாபாரிகளாக மூன்று யோசனைகள். துணிக்காசை முன்பணமாக வாங்குங்கள். உறவினர் என்றாலும் வாங்கலாம், அதில் வெட்கமில்லை. ஒவ்வோர் உருப்படிக்கும் எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து உருப்படி எழுதினால் உங்கள் விலை உங்களுக்கே தெரியும். பெருநாள் வேலைக்கு நோன்பு பிறக்கும் முன்பே கடைசி நாள் குறித்துவிடுங்கள். இருபத்தேழாம் இரவில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆண்களுக்கு ஒன்று. வீட்டில் ஒருவர் தைத்துச் சம்பாதித்தால், அந்த மூன்று மணி நேரம் சமையலுக்கும் பிள்ளைக்கும் யார் பொறுப்பு என்று பேசி முடிவு செய்யுங்கள். மெஷின் வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், நம் மூத்த தாய்மார்கள் தையலும் பின்னலும் கற்றுத்தர ஏற்பாடு செய்யுங்கள். கற்றுத்தருபவருக்கும் ஊதியம் கொடுங்கள். பையன்களையும் உட்கார வையுங்கள், தறியில் உட்கார்ந்தவர்களின் பேரன்கள்தானே. வெட்டித் துணியும் நூலும் எங்கள் கடையிலிருந்து வரும். அது எங்கள் அன்பளிப்பு, நாங்களே முடிவு செய்தது.

அடுத்த பெருநாளில் ஒரு குழந்தையின் சட்டையைப் பார்த்து "யார் தைத்தது?" என்று கேட்பீர்கள். பெயரைக் கேட்டதும், "என்ன விலை சொல்வார்கள்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்தச் சகோதரி தயங்காமல் பதில் சொல்லும் நாளை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.