சில்லறை எரிச்சல்கள்

(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் பத்து நிமிடம். எனக்கு முன்னால் பேசிய நண்பருக்கும் பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள். "முடிவாக ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன்" என்று அவர் நான்கு தடவை சொன்னார். ஐந்தாவது தடவைதான் விடைபெற்றார். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் என்ற உரிமையில் சொல்கிறேன்: என் தலைப்புக்கு முதல் உதாரணத்தை அவரே கொடுத்துவிட்டார். அவருக்கு என் நன்றி.

தலைப்பு, சில்லறை எரிச்சல்கள். பெரிய துன்பங்களைப் பற்றிப் பேச இந்த மேடையில் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது செருப்புக்குள் புகுந்த சின்னக் கல்லைப் பற்றி. அது காலை வெட்டிவிடாது. ஆனால் நிம்மதியாக நடக்கவும் விடாது.

என் பட்டியலில் சிலவற்றை வாசிக்கிறேன்.

தொலைபேசியில் கூப்பிடுவார்கள். பெயரைச் சொல்ல மாட்டார்கள். "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" என்பார்கள். எனக்கு வயது அறுபதுக்கு மேல். வீட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்பதே நினைவில்லை. மரியாதைக்காக "கேட்ட குரல் மாதிரிதான் இருக்கு" என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்தால், கடைசியில் பார்த்தால் அது ராங் நம்பர்!

கல்யாண வீட்டுப் பந்தி. நாம் இன்னும் அவியலையே தாண்டவில்லை. அதற்குள் நம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். நம் இலையை நம்மைவிட அக்கறையாகப் பார்ப்பார். "மெதுவா சாப்பிடுங்க சார், ஒண்ணும் அவசரமில்ல" என்று வேறு சொல்லுவார். அதற்குப் பிறகு தொண்டையில் எது இறங்கும்? நம்ம திருநெல்வேலி சொதிச் சாப்பாட்டை அவசரமாகச் சாப்பிட வைப்பது பெரும் பாவம் ஐயா!

வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று கவுன்டரை நெருங்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீளும். "ஒரே ஒரு சந்தேகம் சார்." அந்த ஒரே ஒரு சந்தேகத்துக்கு ஏழு கிளைச் சந்தேகங்கள் உண்டு.

ராத்திரி ரயிலில் கைபேசியில் ஊருக்கே கேட்கிற மாதிரி படம் பார்க்கிறவர். விடியற்காலை நாலரை மணிக்கு ஒலிபெருக்கியை நம் ஜன்னலைப் பார்த்துக் கட்டுகிறவர். இதற்குச் சட்டமே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று அளவும் வைத்திருக்கிறார்கள். இதை நான் ஒருநாள் விழாக் கமிட்டிக்காரரிடம் விளக்கினேன். அவருக்குக் காதில் விழவில்லை. ஒலிபெருக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் பத்து ரூபாய் நாணயம். "இது செல்லாது சார்" என்று திருப்பித் தருகிற கடைகள் இருக்கின்றன. பதினான்கு வகை வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. வங்கியில் வேலை பார்த்தவன் நானே சொன்னாலும் கடைக்காரர் நம்புவதில்லை. "நீங்க சொல்றது சரிதான் சார், ஆனா வாங்க மாட்டாங்க" என்கிறார். யார் வாங்க மாட்டார்கள் என்றால், பக்கத்துக் கடைக்காரராம். பக்கத்துக் கடையில் கேட்டால் அவர் இவரைக் காட்டுகிறார்.

சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் சில்லறை என்றதும் எனக்கு ஒரு நாள் ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

1980. இந்தக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு டவுனில். தினமும் காலையில் அம்மா ஒரு ரூபாய் தருவார்கள். போக நாற்பது காசு, வர நாற்பது காசு, டீக்கு இருபது காசு. இதுதான் என் பட்ஜெட். பற்றாக்குறையும் கிடையாது, உபரியும் கிடையாது.

ஒருநாள் கண்டக்டரிடம் சில்லறை இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் பென்சிலால் 60 என்று எழுதி, "எறங்கும்போது வாங்கிக்கோ" என்றார். பாளையங்கோட்டை வரும்போது பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. நான் பின்வாசலில், அவர் முன்வாசலில். கூட்டம் என்னைத் தள்ளி இறக்கிவிட்டது. "சார், பாக்கி!" என்று கத்தினேன். விசில் என் குரலைவிடப் பலமாக இருந்தது. பஸ் போய்விட்டது.

நண்பர்களிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். அந்த வயசில் கேட்க வாய் வரவில்லை. அறுபது காசு இல்லை என்று சொல்ல வெட்கம். சாயங்காலம் நடந்தே போனேன். வண்ணார்பேட்டை, சுலோசன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம், டவுன். ஆறேழு கிலோமீட்டர். 1843-இல் திறந்த அந்தப் பாலத்தின்மேல் நடந்தபோது தாமிரபரணியைக்கூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு கோபம். கண்டக்டரை வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் அதே பஸ். அதே கண்டக்டர். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏ தம்பி, நேத்து பாக்கிய வாங்காம எறங்கிட்டியே! ராத்திரி கணக்கு முடிக்கையில அறுபது காசு கூட நின்னுச்சு. ஒன் மூஞ்சிதான் நெனப்புக்கு வந்துச்சு" என்று சொல்லி, அறுபது காசை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார். நான் தயாரித்து வைத்திருந்த வசனம் அத்தனையும் வீணாய்ப் போயிற்று. சந்தோஷமாகத்தான்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் பெருமை. முடியவில்லை.

பதினான்கு வருஷம் கழித்து, 1994-இல், ஒரு வங்கிக் கிளையில் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தேன். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள். கணவர் இறந்துவிட்டார். அவர் கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் இருந்தது. "இறப்புச் சான்றிதழ் கொண்டாங்கம்மா" என்றேன். போய்விட்டு இரண்டு வாரம் கழித்து வந்தார்கள். அப்போது "வாரிசுச் சான்றிதழும் வேணுமே" என்றேன். தாலுகா ஆபீசுக்கு அலைந்து அதையும் வாங்கிக்கொண்டு மூன்றாவது தடவை வந்தார்கள். "போட்டோ ரெண்டு வேணும், சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும்" என்றேன்.

நான் கேட்டது எல்லாம் விதிப்படி சரி. ஒன்றுகூடத் தவறில்லை. ஆனால் அந்த அம்மா கோபப்படாமல் ஒரு கேள்வி கேட்டார்கள்:

"எய்யா, ஒரு நாளு இங்க வந்தா எனக்கு ஆயிரம் பீடி போச்சு. என்னென்ன வேணும்னு மொத நாளே ஒரே தடவையா சொல்லியிருக்கப்படாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. "விதிம்மா அது" என்றேன். நான் சொன்னது ரூல்ஸை. அவர்கள் தலைவிதி என்று எடுத்துக்கொண்டார்கள். "ஆமாய்யா, எல்லாம் விதிதான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆயிரம் பேருக்கு டிக்கெட் கொடுத்த ஒரு மனுஷருக்கு அறுபது காசுப் பையனின் முகம் நினைவிருந்தது. எனக்கு எதிரே மூன்று தடவை நின்ற அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை. காகிதத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் என்னென்ன தாள் வேண்டும், எத்தனை பிரதி, எங்கே வாங்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பிரதி எடுத்துக் கவுன்டரில் வைத்தேன். அதைச் செய்ய எனக்கு ஆன நேரம் இருபது நிமிடம். அந்த அம்மா நான்காவது தடவை வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. கண்டக்டர் என் அறுபது காசை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி இரண்டு நாள். அதை இன்றுவரை கொடுக்கவில்லை. இனிமேல் கொடுக்கவும் வழியில்லை.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்களும் ஏதாவது ஒரு கவுன்டருக்கு உள்பக்கம் உட்காரப் போகிறீர்கள். ஆபீஸாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம், வகுப்பறையாகவும் இருக்கலாம். 25 காசு நாணயத்தை 2011-இல் நிறுத்திவிட்டார்கள். கைபேசியிலேயே பணம் கட்டுகிற காலம் இது. கண்டக்டர் பாக்கி வைக்கக்கூட வாய்ப்புக் குறைந்துவிட்டது. ஆனால் "நாளைக்கு வாங்க" மட்டும் இன்னும் செல்லுபடியாகிக் கொண்டுதான் இருக்கிறது. வருகிறவரிடம் சொல்ல வேண்டியதை முதல் தடவையே முழுசாகச் சொல்லுங்கள். நமக்கு அது சில்லறை. அவருக்கு அது ஒரு நாள் கூலி.

நண்பர்களே, நம்மை எரிச்சல்படுத்துகிறவர்கள் பட்டியல் நம் எல்லாரிடமும் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது இன்னொரு பட்டியலும் போட்டுப் பாருங்கள்: யார் யாருடைய பட்டியலில் நாம் இருக்கிறோம்? எனக்கு அது முதல் பட்டியலைவிட நீளமாகத்தான் வந்தது.

முடிவாக ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். ஒரே தடவைதான் சொல்வேன். மதியச் சாப்பாடு தயாராகிவிட்டதாகச் சீட்டு வந்திருக்கிறது. நான் முதல் பந்தியில் உட்காரப் போகிறேன். தயவுசெய்து யாரும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டாம்.