சுருக்கம் யாருக்காக?
(நம் குடியிருப்பு மாலைக் கூட்டத்தில் பேசியது)

நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பேத்தியோடு உட்கார்ந்து கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

திரையில் 'வணக்கம்' என்று வரவழைக்கப் பைத்தானில் ஒரு வரி போதும். ஜாவாவில் வழக்கமாக ஐந்து வரி எழுதுவார்கள். வணிகக் கணக்குகளுக்காக 1959இல் அமெரிக்காவில் உருவாகத் தொடங்கிய கோபோல் இன்னும் நீளம். 'வட்டியை இருப்போடு கூட்டு' என்பதை முழு ஆங்கில வாக்கியமாகவே எழுதலாம். இதற்கு நேர் எதிர் ஏ.பி.எல். கென்னத் ஐவர்சன் 1962இல் வெளியிட்ட நூலில் இருந்து வளர்ந்த மொழி. நூறு எண்களைக் கூட்ட ஒரு கூட்டல் குறியும் ஒரு சாய்கோடும் போதும்!

அப்படியானால் சிறியதுதான் சிறந்ததா? வரி குறைந்தால் தட்டச்சும் குறையும், முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். ஆனால், பிறகு படிக்கப்போவது யார்?

எங்கள் கிளையில் ஒருவர் சஸ்பென்ஸ் கணக்கில் ஒரு பதிவு போட்டு, நரேஷனில் 'உத்தரவுப்படி' என்று மட்டும் எழுதிவிட்டு மாற்றலாகிப் போனார். மூன்று வருடம் கழித்து ஆடிட்டில் கேட்டார்கள். யார் உத்தரவு, எதற்கு? பழைய வவுச்சர் கட்டுகளை இரண்டு வாரம் புரட்டினேன். அவர் மிச்சம் பிடித்தது அரை வரி.

கணினியிலும் இதே கதைதான். இடத்தை மிச்சம் பிடிக்க ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள். 2000 நெருங்கியபோது உலகம் முழுக்கப் பழைய புரோகிராம்களைத் தேடித் திருத்த வேண்டி வந்தது.

ஆகவே நான் புரிந்துகொண்டது இதுதான்: படிப்பவருக்கு ஒன்றும் சொல்லாத வரியைத் தாராளமாக வெட்டலாம். பைத்தான் செய்வது பெரும்பாலும் அதுதான். அர்த்தத்தை மட்டும் வெட்டக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் மெயின்டனன்ஸ் எக்செல் ஷீட்டில் தண்ணீர், லிஃப்ட், கார்பஸ் ஃபண்ட் எல்லாம் ஒரே கட்டத்தில், ஒரே நீளமான ஃபார்முலாவாக இருக்கிறது. எழுதியவர் கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த வருடம் புதுப் பொருளாளர் வருவார். தலைப்போடு மூன்று பத்தியாகப் பிரித்து வைப்போம். செயற்குழு சம்மதித்தால் நானே உட்கார்ந்து செய்து தருகிறேன்.