சொல்லிக் கொடுத்த மருந்து

(உயிலங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளை நினைவுச் சொற்பொழிவு)



இவ்வறக்கட்டளை எவருடைய ஞாபகமாக நிறுவப்பட்டதோ அந்த அப்போதிக்கரி ஐயாவை, கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் இவ்வயலூர்களில் மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு பாய் விரித்திருந்த காலத்தில், தந்தையாரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ட சிறுவன் நான். பிறைமாகுவின் குளிசைகளைக் கடதாசி உறையிலிட்டு நீட்டியவர் உறையை உடனே விட்டுவிடவில்லை. "மூத்திரம் தேத்தண்ணிச் சாயம் மாதிரிக் கறுத்தால் குளிசையை நிப்பாட்டிப்போட்டு அண்டைக்கே வாரும், இராவெண்டாலும் என்னை எழுப்பும்" என்றார். பிறவியிலேயே ஒரு நொதியம் குறைந்த சிலருக்கு அம்மருந்து செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும் என்னும் சாஸ்திரத்தை நான் அறிந்தது பல வருஷங்களின் பின்னர். ஆயினும் எதைக் கவனிப்பது, கண்டால் என்ன செய்வது, யாரிடம் வருவது என்னும் மூன்றும் அந்த ஒரு பேச்சிலே அடங்கியிருந்ததை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது. கேட்ட தந்தையார் அஞ்சவுமில்லை, குளிசையை எறியவுமில்லை.

அபாயத்தைச் சொன்னால் ஜனங்கள் மருந்தையே வெறுத்துவிடுவார்கள் என்னும் பயம் வைத்தியத் துறையில் இன்றும் உண்டு. அது ஆதாரமற்றதென்று நான் சொல்லேன். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி முதலிய ஐந்து நோய்களுக்கும் ஒன்றாக ஏற்றும் தடுப்பூசி 2008 ஜனவரியில் இலங்கையில் அறிமுகமாயிற்று. மூன்று மாதத்துக்குள் 4 குழந்தைகளின் மரணமும், ஊசியின் பின் குழந்தை துவண்டுபோன 24 சம்பவங்களும் அறிவிக்கப்பட, முதல் தொகுதி நிறுத்தப்பட்டது. அடுத்த தொகுதியின் பின்னும் ஒரு மரணம் நேர, 2009 ஏப்ரல் 29இல் அவ்வூசியே நிறுத்தப்பட்டுப் பழைய ஊசிகள் திரும்பி வந்தன. சுயாதீன நிபுணர்களின் பரிசீலனைக்குப் பின் 2010இல் மீண்டும் தொடங்கியது. ஐயம் தோன்றியதும் நிறுத்தியது, ஆராய்ந்தது, தெளிந்தபின் தொடங்கியது ஆகிய யாவும் பொறுப்புள்ள காரியங்களே. ஆனால், நிறுத்துவது ஒரு காரியம். சொல்லுவது வேறொரு காரியம். அந்த ஏப்ரல் மாதத்திலே வன்னியில் போரின் நடுவே உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு அலைந்த தாய்மாருக்கு எந்தப் பத்திரிகை எந்த அறிவித்தலைக் கொண்டுசேர்த்திருக்கும்?

துவண்டுபோதல் என்றேன். பிள்ளை திடீரென வெளிறி, கைகால் தளர்ந்து, கூப்பிட்டாலும் அசைவற்றுக் கிடக்கும். பெரும்பாலும் தானே தெளியும். அறிந்த தாய் உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். அறியாதவள் உறக்கமென்று எண்ணி ஏணையில் விடுவாள், அல்லது கலங்கிப்போய் அடுத்த ஊசிக்கே வராதிருப்பாள். இவ்விரண்டு நட்டங்களுக்கும் காரணம் நம்முடைய மௌனமே என்பது என் துணிபு.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில், ஊசி ஏற்றிய திகதிக்கும் தொகுதி இலக்கத்துக்கும் பக்கத்திலே, பின்விளைவுக்கென்று ஒரு கட்டம் உண்டு. அக்கட்டத்தை நிரப்பவேண்டிய செய்தி தாயிடமே இருக்கிறது. ஆகையால், இரண்டாம் மாத ஊசி முடிந்து அவள் எழுந்திருக்குமுன், எதைப் பார்க்கவேண்டுமென்று அவள் பேசும் தமிழிலேயே சொல்லியாகவேண்டும். நான்காம் மாதம் அவள் வரும்போது குடும்பநல உத்தியோகத்தர் முதலிற் கேட்கவேண்டியதும் அதுவே.