கண்டெடுத்த பொருள்



தேர்வு மண்டபத்திலே மேற்பார்வையாளர் இருக்கிறார். கடையிலே கல்லாவின் முன் முதலாளி அமர்ந்திருக்கிறார். ஆகையால் அவ்விடங்களில் நாம் ஒழுங்காக நடந்துகொள்வது முழுதும் நம்முடைய குணத்தால்தானா, அன்றிப் பிறர் கண்ணுக்கு அஞ்சியதாலா என்பதைச் சொல்வது கடினம். ஆள் நடமாட்டமில்லாத தெருவிலே ஒரு பணப்பை கிடக்கிறது. நாம் அதைக் காண்கிறோம். நம்மைக் காண்பார் ஒருவரும் இல்லை. அங்கே சாட்சியும் நாமே, நீதிபதியும் நாமே. அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சிலப்பதிகாரம் படித்தவர்கள் பூம்புகாரின் வெள்ளிடை மன்றத்தை அறிவார்கள். உடையவர் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் பூட்டும் காவலும் இன்றி அங்கே கிடந்தன. எவனாவது திருட முயன்றால், அந்தச் சுமையைத் தலையிலே ஏற்றி, கழுத்து நோகச் சுற்றிச் சுற்றி வரச் செய்யுமே தவிர, கொண்டுபோக விடாதாம் அம்மன்றம். இதைக் கற்பனை என்று நாம் தள்ளிவிட வேண்டியதில்லை. பிறர் பொருளைச் சுமந்தவன் மனத்திலே அந்தச் சுமை எப்படிச் சுழன்றுகொண்டிருக்கும் என்பதைத்தான் இளங்கோவடிகள் காட்டினார் என்று நான் கொள்கிறேன்.

“ஐயா, திருடுவது வேறு, கீழே கிடப்பதை எடுத்துக்கொள்வது வேறு அல்லவா?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வேறுபாடு உண்டு, எடுப்பது குற்றமன்று. எடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. வள்ளுவர் கள்ளாமைக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல், வெஃகாமை என்று தனியே இன்னோர் அதிகாரமும் வைத்தார். கை நீளுவதற்கு முன்னால் மனம் நீளுகிறது. தடுக்க வேண்டிய இடம் அதுவே.

நம் நாட்டுச் சட்டமும் இதைத் தெளிவாகப் பேசுகிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலே 71-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பிறருடைய பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பிலே வைத்துக்கொள்பவருக்கு, ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பவருக்குள்ள பொறுப்பே உண்டு என்கிறது அது. இதன் கருத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பொருளை இழந்தவர் நம்மை அறியார். நாமும் அவரை அறியோம். ஆயினும், அவர் நம் கையிலே கொடுத்து, “இதைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிச் சென்றதாகவே சட்டம் கருதுகிறது. உடையவரைத் தேடுவதிலும் பொருளைக் காப்பதிலும் நமக்குச் செலவு நேர்ந்திருந்தால், அதைப் பெறும்வரை பொருளை வைத்துக்கொள்ள 168-ஆம் பிரிவு இடந்தருகிறது. உடையவர் பரிசு அறிவித்திருந்தால் அதைக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. உடையவர் யார் என்று அறிந்திருந்தும், அல்லது அறிவதற்கு வழி இருந்தும், தேடாமல் தனதாக்கிக்கொண்டால் அது தண்டனைக்குரிய குற்றம். 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இது 403-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலே 314-ஆம் பிரிவாக நிற்கிறது.

கண்டெடுத்தவனுக்கு உரிமையே இல்லையா? இதற்கு ஒரு பழைய வழக்கு விடை சொல்கிறது. 1722-ஆம் ஆண்டு, இங்கிலாந்திலே புகைக்கூண்டு துடைக்கும் ஏழைச் சிறுவன் ஒருவன் ஓர் அணிகலனைக் கண்டெடுத்தான். அதன் மதிப்பை அறியப் பொற்கொல்லர் கடைக்குக் கொண்டுபோனான். கடையிலிருந்த வேலையாள், எடை பார்ப்பதாகச் சொல்லிக் கற்களைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு, சில்லறைக் காசு தர முன்வந்தான். சிறுவன் அதை ஏற்க மறுத்தான்; வழக்கு மன்றம் ஏறியது. உண்மையான உடையவரைத் தவிர, உலகத்தில் வேறெவரிடமிருந்தும் அந்தப் பொருளைக் காத்துக்கொள்ளச் சிறுவனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று. அணிகலனைக் கடைக்காரர் கொண்டுவந்து காட்டாவிட்டால், அந்தக் கற்களை மிக உயர்ந்தவை என்றே கொண்டு இழப்பைக் கணக்கிடுமாறும் நீதிபதி சொன்னார். ஒரு சிறுவனை ஏமாற்ற எண்ணியவருக்கு இது தகுந்த பாடம். ஆனால் “உண்மையான உடையவரைத் தவிர” என்னும் சொற்களை மறந்துவிடாதீர்கள். கண்டெடுத்தவன் காவலனே, உடையவன் அல்லன்.

இதுவரை சொன்னது எளிய பகுதி. கடினமான பகுதி ஒன்று உண்டு. அதை எனக்குக் காட்டியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில், ஒருநாள் மாலை அவன் என் அறை வாயிலிலே வந்து நின்றான். பேருந்து நிறுத்தத்திலே கண்டெடுத்த பணப்பை அவன் கையில் இருந்தது. உள்ளே இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ரூபாயும், ஒரு நகைக்கடை ரசீதும் இருந்தன. ரசீதிலே உடையவரின் முகவரி இருந்தது. அவன் பையை மேசைமேல் வைத்தான். ஆனால் கையை எடுக்கவில்லை. “ஐயா, இவர் நகை வாங்குகிறவர். எங்கள் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கப் பணமில்லாமல் ஆறு மாதமாகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தையல் வேலையை விட்டுவிட்டார்கள். இந்தப் பணம் போனால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?” என்று கேட்டான்.

நேர்மையே சிறந்தது என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது அந்தக் கேள்வியன்று. ஆகவே, இருவரும் உட்கார்ந்து பேசினோம். ரசீதை எடுத்துப் படிக்கச் சொன்னேன். அது நகை வாங்கிய ரசீதன்று. பழைய வளையல் ஒன்றை விற்ற ரசீது. எதற்காக விற்றார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஆனால், இழந்தவர் செல்வர் என்று நாமே முடிவு செய்துகொள்வது எவ்வளவு எளிது என்பதை அந்தச் சிறு தாள் காட்டிற்று.

அவர் உண்மையிலே செல்வராக இருந்தால்? அப்போதும் விடை மாறாது என்று சொன்னேன். உன் தாயாருக்குக் கண்ணாடி வேண்டும் என்பது நியாயமான தேவை. அந்தத் தேவையைத் தீர்க்க வேண்டிய கடமை உன்னை அறிந்த எங்களுக்கு உண்டு, ஊருக்கு உண்டு, அரசுக்கு உண்டு. பேருந்து நிறுத்தத்திலே பையைத் தவறவிட்ட ஒருவர்மேல், அவருக்குத் தெரியாமலே அந்தக் கடமையைச் சுமத்துவது எப்படி நியாயமாகும்? அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கையை எடுத்தான்.

மறுநாள் அவனும் நானும் சென்று பையை உடையவரிடம் சேர்த்தோம். அவர் பணத்தை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, திண்ணையிலே உட்கார்ந்துவிட்டார். அந்த வாரமே ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மாணவனுடைய தாயாரைக் கண் மருத்துவரிடம் அனுப்பிவைத்தோம். இந்த இரண்டாவது செயல் முதற்செயலுக்குக் கொடுத்த பரிசன்று. அது முன்பே செய்ய வேண்டியிருந்த தனிக் கடமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், பரிசு கிடைக்காத நாளில் நேர்மையும் நின்றுவிடும்.

உலகம் இவ்வளவு நல்லதா என்று நீங்கள் ஐயுறலாம். 2019-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். ஆராய்ச்சியாளர் நாற்பது நாடுகளில் 355 நகரங்களிலே, பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பணப்பைகளை, “கீழே கிடந்தன” என்று சொல்லி, வங்கி, விடுதி, காவல் நிலையம் போன்ற இடங்களின் பணியாளரிடம் கொடுத்துச் சென்றனர். சில பைகளிலே பணம் இருந்தது, சிலவற்றில் இல்லை. பணமுள்ள பைகளே மறைந்துபோகும் என்று பலரும் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு. பணமில்லாத பைகளில் நூற்றுக்கு 40-க்கு மட்டுமே உடையவருக்குச் செய்தி போயிற்று. பணமுள்ளவற்றில் 51-க்குப் போயிற்று. உடையவருக்கு மட்டுமே பயன்படக்கூடிய சாவி உள்ளே இருந்தபோது, செய்தி அனுப்பியவர் தொகை இன்னும் கூடியது. பிறர் படும் துன்பத்தை எண்ணியும், “நான் திருடன் ஆகிவிடக் கூடாது” என்று நினைத்தும் மனிதர் நடக்கின்றனர் என்று ஆராய்ச்சியாளர் விளக்கினர். எனினும், நூற்றிலே ஏறக்குறையப் பாதிப் பைகள் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

முடிவாக, நடைமுறைக்கு உதவும் சில செய்திகள். பேருந்திலே கண்டெடுத்தால் நடத்துநரிடமும், இரயில் நிலையத்திலே கண்டெடுத்தால் நிலைய அதிகாரியிடமோ இரயில்வே காவலரிடமோ, தெருவிலே கண்டெடுத்தால் காவல் நிலையத்திலும் கொடுங்கள். கொடுத்ததற்கு எழுத்து மூலம் ஒப்புகை கேளுங்கள். கைப்பேசியானால் அணைத்துவிடாதீர்கள், உடையவரே அழைப்பார். அடையாள அட்டையைப் படமெடுத்து எல்லாருக்கும் பரப்பாதீர்கள்; தீயவர் கையிலும் அது சேரும். என்னுடையது என்று ஒருவர் வந்தால், உள்ளே என்ன இருந்தது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் மூட்டையோ பெட்டியோ ஐயத்துக்கு இடமாக இருந்தால், தொடாமல் விலகிக் காவலருக்குச் செய்தி சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலந்தாழ்த்தாதீர்கள். இரவு முழுவதும் வீட்டிலே இருந்த பிறர் பணம், விடியும்போது பாதி நம்முடையது போலத் தோன்றத் தொடங்கும்.

ஒரு பையைத் தொலைத்தவர் பணத்தை மட்டும் இழக்கவில்லை. தம்மைச் சுற்றியுள்ள மனிதரை நம்பலாமா என்ற ஐயத்தையும் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறார். நீங்கள் திருப்பிக் கொடுக்கும்போது அந்த ஐயத்தையும் இறக்கிவைக்கிறீர்கள்.