ஆற்று மீனும் அதனுள் உறையும் நஞ்சும்
(கல்முனையில் நிகழ்த்திய உரை)



மீனில்லாச் சோறு நம்மவர்க்குச் சோறாகத் தோன்றுவதில்லை. கடல் மீனைப்பற்றி இன்று பேச வந்தோமல்லோம். கிட்டங்கியிலும் வாவியிலும் பிடிபடும் கெளுத்தி, விரால், திலாப்பியா, இறால் ஆகியனவே நம் பேச்சுக்குரியவை.

1949ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்து வயல்களுக்கு நீர் தந்தது. அந்நீரின் ஒரு பகுதி வடிச்சல்களின் வழியே வாவியை அடைகின்றது. நாம் இட்ட பசளையின் மிச்சமும் அதனோடு செல்கின்றது. பொசுபேற்றுப் பசளையிலே கட்மியம் என்னும் உலோகம் சிறிதளவு கலந்திருத்தல் விஞ்ஞானிகள் அறிந்த செய்தி. போதாக்குறைக்கு நகரத்தார் எறியும் பழைய பற்றரியும் வர்ணப்பூச்சும் வடிகானில் வந்து சேர்கின்றன. அழுகும் பொருள் மண்ணாகிவிடும். உலோகமோ சேற்றிலே தங்கும். சேற்றைக் கிளறியுண்ணும் சிற்றுயிரிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நமக்கும் அது ஏறி வரும். உடலிற் புகுந்த கட்மியம் சிறுநீரகத்திலே பத்து, இருபது ஆண்டுகள் குடியிருக்க வல்லது.

யப்பானின் மினமாட்டாவிலே நடந்ததைக் கேளுங்கள். சிசோ என்னும் தொழிற்சாலை கடலிலே விட்ட பாதரசம் மீன்களிற் சேர்ந்தது. அம்மீனைத் தின்ற பூனைகள் பித்துப்பிடித்தவை போற் சுழன்று மாண்டன. 1956இல் மனிதரின் நோய் வெளிப்பட்டது. தாயின் வயிற்றிலிருந்த சிசுவும் தப்பவில்லை. காரணத்தை அரசு ஒப்புக்கொண்டது எப்போது? 1968இல்! பன்னிரண்டு ஆண்டுகள் மக்கள் அலைக்கழிந்தனர். அதே நாட்டின் சின்சு ஆற்றோரத்திலோ சுரங்கக் கட்மியம் ஆற்று நீரோடு வயலிற் பாய்ந்து, சோற்றின் வழியே எலும்பை முறித்தது. வேளாண்மைக்காரர் இதனைக் கருத வேண்டும்.

கல்முனையிலும் மினமாட்டா வந்துவிட்டது என்று நாம் கூறவில்லை; வீண் பீதியைக் கிளப்புவது நம் தொழிலன்று. மீனைக் கைவிடுதலும் வேண்டா. பிள்ளைத்தாய்ச்சிக்கு அது நல்லுணவு. ஒரே வகையை நாள்தோறும் உண்ணாது மாற்றி மாற்றி உண்க. செவுளையும் குடலையும் ஈரலையும் எறிந்துவிடுக. கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்று நம்பற்க. உலோகம் நெருப்புக்கு அஞ்சுவதில்லை. வீச்சுவலைக்கு வீட்டு அடுப்பிலே ஈயம் உருக்கும் வழக்கம் எவரிடமேனும் இருப்பின் இன்றே நிறுத்துக. பிள்ளைகளின் மூளைக்கு இவ்வளவு ஈயம் தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மீனிலே ஈயம் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது சர்வதேச உணவு விதி. நம் சந்தை மீனில் எவ்வளவு? ஏற்றுமதி மீனுக்கு மட்டும் சோதனை, ஏழை வாங்கும் மீனுக்கு இறைவனே காவல் என்றால், அதனை நாம் ஏற்கமாட்டோம். சம்மாந்துறையிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கின்றது. பெரும்போக நீர் வடியும்போதும் கோடையிலும் ஆண்டுக்கு இருமுறை மீனையும் சேற்றையும் சோதித்து, முடிவைத் தமிழிலே சந்தை வாயிலில் ஒட்ட வேண்டும். அச்செலவை மாநகர சபை தன் வரவு செலவுத் திட்டத்திலே ஒதுக்கக் கோரும் மனு இம்மேசை மீது இருக்கின்றது. கையொப்பமிட்டுச் செல்லுமாறு வேண்டுகின்றோம்.