ஈஸ்வரி என்றொரு குரல்



இந்தத் தொடரிலே கவிஞர்களைப் பற்றியும் நாவலாசிரியர்களைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டவர் எழுத்தாளர் அல்லர், பாடகி. அதுவும் சங்கீத சபைகளில் பாடிப் பெயர் பெற்றவரல்லர், சினிமாவிலே பாடியவர். எல்.ஆர். ஈஸ்வரி. இலக்கிய நிகழ்ச்சியிலே இவருக்கு என்ன இடம் என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த முகச்சுளிப்பைப் பற்றியுந்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1939ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திலே பிறந்தவர் ஈஸ்வரி. இயற்பெயர் லூர்து மேரி ராஜேஸ்வரி. தாயார் திரைப்படங்களிலே கோரஸ் பாடியவர். தாயோடு ஒலிப்பதிவுக்குப் போன மகளும் கோரஸ் கூட்டத்திலே ஒருத்தியாக நின்று பாடத் தொடங்கினார். முறையாகச் சங்கீதம் பயின்றவரல்லர். எம்.எஸ். ராஜேஸ்வரி என்ற பாடகி ஏற்கெனவே புகழோடு இருந்தமையால், இவர் எல்.ஆர். ஈஸ்வரி ஆனார். கே.வி. மகாதேவனின் இசையில் 1958இல் வெளிவந்த ‘நல்ல இடத்து சம்பந்தம்’ அவருக்குத் தனித்துப் பாட வழி திறந்தது. 1961இல் ‘பாசமலர்’ வந்தது. விசுவநாதன் – ராமமூர்த்தியின் இசையில், மணப்பெண்ணைத் தோழியர் அழைத்து வருகின்ற அந்தப் பாட்டு அவருடைய குரலை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. கலியாண வீட்டிலே ஒலிபெருக்கி கட்டினால் அந்த இசைத்தட்டு சுழலாமல் தாலி ஏறாது என்று ஒரு காலம் எங்கள் பக்கத்திலே இருந்தது.

ஆனால், கவனியுங்கள். அந்தப் பாட்டிலே அவர் மணப்பெண்ணுக்குப் பாடவில்லை, தோழிக்குத்தான் பாடினார். ஏறக்குறைய அவருடைய சினிமா வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் அமைந்தது. கதாநாயகி தாலாட்டினால், அழுதால், தெய்வத்தை வேண்டினால் பி. சுசீலாவின் குரல். விடுதியிலே ஆடுபவள், தெருவிலே கூடை சுமப்பவள், நாயகனை மயக்க வருபவள் என்றால் ஈஸ்வரியின் குரல். இசையமைப்பாளர்கள் மாறினார்கள்; இந்தப் பங்கீடு மட்டும் பெரும்பாலும் மாறவில்லை.

அந்தக் குரலின் சிறப்பு என்ன? அதைச் சொல்வதற்கு முன் மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கே.பி. சுந்தராம்பாள் நாடக மேடையிலே வளர்ந்தவர். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் மைக் இல்லாமலே கேட்கவேண்டும் என்று பயின்ற குரல் அது. 1925அளவில் மின்சார ஒலிப்பதிவு வந்தபின் நிலைமை மாறிற்று. உரத்துப் பாடவேண்டிய கட்டாயம் போய்விட்டது. மூச்சு, முணுமுணுப்பு, சிரிப்பு, சொல்லை முடிக்காமல் நழுவவிடுவது எல்லாம் சங்கீதத்துக்குள் வந்தன. அமெரிக்காவிலே ஜாஸ் பாடகிகள் இதை ஒரு பெருங்கலையாக்கினார்கள். 1915இல் பிறந்து 1959இல் மறைந்த பில்லி ஹொலிடே பெரிய வீச்சுள்ள குரல் படைத்தவரல்லர். இசைப் பள்ளியிலே படித்தவருமல்லர். தாளத்துக்குச் சற்றே பிந்தி வந்து விழுகின்ற அவருடைய சொல்லிலே ஒரு வாழ்க்கை முழுவதும் இருந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரல்ட் 1960இல் பேர்லின் நகரில் பாடிக்கொண்டிருக்கையில் பாட்டின் அடிகளை மறந்துபோனார். நிறுத்தவில்லை. அந்த இடத்திலேயே சொற்களைக் கட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவு இசைத்தட்டாக வந்து பரிசும் பெற்றது. பாட்டு என்பது எழுதிவைத்த அடிகள் மட்டுமன்று, பாடுபவர் அந்த நிமிடத்திலே செய்கின்ற காரியமும் சேர்ந்ததுதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

தமிழிலே மைக்கோடு இந்த அளவு நெருங்கிப் பழகிய குரல் ஈஸ்வரியுடையது என்பேன். ‘வல்லவன் ஒருவன்’ (1966) படத்திலே வேதாவின் இசையில் பளிங்கு மாளிகையைப் பற்றி ஒரு பாட்டு வருகிறது. குரலைத் தாழ்த்தி, காதோரம் வந்து இரகசியம் சொல்வதுபோலப் பாடியிருப்பார். சொற்களை அவர் அழுத்துவதில்லை, மிதக்க விடுகிறார். மூன்று ஆண்டுகள் கழித்து ‘சிவந்த மண்’ (1969). எம்.எஸ். விசுவநாதனின் இசை. சாட்டை வீச்சுக்கு இடையிலே ஒருத்தி ஆடிப் பாடுகிறாள். அடி விழுகிறபோது எழுகின்ற வலியையும் சுருதிக்குள் வைத்துப் பாடவேண்டும். வலிக்குக் கீழே இருக்கிற வீம்பும் கேட்கவேண்டும். படத்தைப் பார்க்காமல் வானொலியிலே மட்டும் கேட்டவர்களும் அந்தச் சாட்டையை உணர்ந்தார்கள். இவை இரண்டுக்கும் நடுவே ‘பணமா பாசமா’ (1968). இலந்தைப்பழம் விற்கிற பெண்ணின் பாட்டு. அதே தொண்டை இப்போது சந்தைத் தொண்டையாகி விடுகிறது. பழம் விற்பவள் எப்படிக் கூவுவாளோ, எப்படிச் சொல்லை இழுத்து வெட்டுவாளோ, அப்படியே. ஆனால் சுருதி ஓரிடத்திலும் விலகாது. 1974இல் ‘அவள் ஒரு தொடர்கதை’யிலே உலகத்தை நோக்கி ஒரு பெண் கேள்வி எறிவதையும் இவரைக் கொண்டே பாடுவித்தார்கள். குடும்பப் பாங்கான குரலுக்கு அந்தத் துணிச்சல் பொருந்தாது என்று இசையமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தப் பாட்டுகளெல்லாம் நமக்கு எப்படி வந்து சேர்ந்தன? 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்த காலத்திலே இலங்கை வானொலி அவற்றைக் கையேந்தி வரவேற்றது. 1957இல் விவிதபாரதி தொடங்கிய பின்னரும் தமிழ்நாட்டு நேயர்கள் எங்கள் வர்த்தக சேவையைக் கைவிடவில்லை. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீட் என்று அறிவிப்பாளர்களுடைய பெயர்களும் பாடகர்களுடைய பெயர்களோடு சேர்ந்தே மனத்திலே பதிந்தன.

நான் பிறந்த ஊர் மண்கும்பான். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வந்து, மண்டைதீவையும் அல்லைப்பிட்டியையும் தாண்டினால் வெண்மணலும் பனையுமாக எங்கள் ஊர். அதற்கப்பால் வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் துறை. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகு. நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்திலே அடியார்கள் எங்கள் ஊர்த் தெருவாலேதான் போவார்கள். பனை உச்சியிலே குழல் ஒலிபெருக்கியைக் கட்டிப் பாட்டுப் போட்டால், தடுக்க மலையோ மாடியோ இல்லாத மணல் வெளியிலே அது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. மைக்குக்கு மிக அருகே நின்று மெல்லப் பாடிய குரல், கடல்வரைக்கும் போனது.

எங்கள் வீட்டிலே ஒரு அக்கா இருந்தா. பெரியம்மாவின் மகள். நல்ல குரல். ஈஸ்வரியின் பாட்டுகளை அச்சொட்டாகப் பாடுவா. கிணற்றடியிலே தண்ணீர் அள்ளும்போது பாடத் தொடங்கினால், உள்ளேயிருந்து அம்மம்மாவின் சத்தம் வரும். “உதென்ன பாட்டு, பிள்ளை? நிப்பாட்டு. குடும்பப் பிள்ளையள் பாடுற பாட்டே உது?” அக்கா நிறுத்திவிடுவா. தேவாரம் பாடலாம், சுசீலா பாடினதைப் பாடலாம். ஈஸ்வரியின் பாட்டு மட்டும் வாய்க்கு வெளியே வரக்கூடாது.

பிறகு ஈஸ்வரி அம்மன் பாடல்களைப் பாடினார். அவை வந்த வேகத்திலேயே கோயில்களிலே ஏறின. ஒரு ஆடிச் செவ்வாய். தூரத்துக் கோயிலிலே அந்தக் குரல் அம்மனைக் கூவி அழைக்கிறது. அம்மம்மா கைகூப்பி நின்றா. கண்ணிலே நீர். அக்கா பக்கத்திலே வந்து மெதுவாகச் சொன்னா: “அம்மம்மா, உதைப் பாடுறதும் அவதான். கோயிலிலை போடேக்கை கும்பிடுறியள். நான் பாடினால் கூடாதோ?”

அம்மம்மா மறுமொழி சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் சமூகமே இன்னும் ஒழுங்கான மறுமொழி சொல்லவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இங்கேதான், நேயர்களே, இலக்கியம் வருகிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியை நினைத்துப் பாருங்கள். புகார்க் கடற்கரை. கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் பாட்டிலே வேறொருத்தியின் நினைவு இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். தானும் வேறொரு குறிப்பு உடையவள்போலப் பாவித்துப் பாடுகிறாள். பாவனையை அவன் உண்மை என்று கொண்டான். எழுந்து போனான். அந்த ஒரு பாட்டு முடிந்த இடத்திலேதான் மதுரை எரியத் தொடங்குகிறது என்றுகூடச் சொல்லலாம். பாட்டை வேறாகவும் பாடுபவளை வேறாகவும் பார்க்கத் தெரியாத காதினால் வந்த கேடு அது. மாதவி கலைஞர் குலத்தவள். பாடிக் காட்டுவது அவளுடைய தொழில். கண்ணகியாக வாழ்கிறவளை நம்பலாம், மாதவியாகப் பாடுகிறவளை நம்பக்கூடாது என்ற கணக்கு அன்றைக்கே எழுதப்பட்டு விட்டது. திரைப்படம் அந்தக் கணக்கைச் சுசீலாவுக்கும் ஈஸ்வரிக்குமாகப் பிரித்துக் கொடுத்தது. அவ்வளவுதான்.

இளங்கோவடிகள் மட்டும் கோவலனைப்போலக் கேட்கவில்லை. மாதவிக்கு அத்தனை அழகான வரிப்பாட்டுகளைக் கொடுத்தவர் அவர்தானே. அதற்கும் முன்னே சங்கப் புலவர்களும் அப்படித்தான். குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது, காதற் பரத்தையின் கூற்று. தலைவிக்குக் கொடுத்த அதே அகவல், அதே நறுக்கு, அதே மதிப்பு அவளுக்கும். ஔவையாரும் பரத்தையின் குரலிலே பாடியிருக்கிறார். அதனால் ஔவையாரை யாரும் குறைத்து மதிக்கவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னர் செய்யுளுக்கு இருந்த பெருந்தன்மை, எங்கள் வீட்டுக் கிணற்றடியிலே இல்லாமற் போனது ஏன்?

மாதவியின் மகள் மணிமேகலை மணிபல்லவத் தீவுக்கு வந்ததாகச் சாத்தனார் பாடினார். அந்த மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் அறிஞர் பலர் உண்டு. எங்கள் ஊர்த் தெரு போய் முடிகிற திசை அது. எனவே இந்த வழக்கிலே தீவகத்தாருக்கு ஒரு தனி உரித்து உண்டு என்று எண்ணிக்கொள்வதிலே எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

1990 ஓகஸ்டிலே தீவகத்துக்கு இராணுவம் வந்தது. எங்கள் சனங்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுப் போனார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலைக் கட்டடத்திலே ஒதுங்கினோம். அக்காவுக்கு அப்போது மூன்று பிள்ளைகள். மின்சாரம் இல்லை. பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாலே சுற்றி, டைனமோவிலே வருகிற மின்னைக்கொண்டு றேடியோக் கேட்ட காலம். செய்தி கேட்டு முடிந்ததும் சுற்றிய கை ஓய்ந்துவிடும். பாட்டுக்காகச் சுற்ற எவருக்கும் தெம்பு இராது. ஒரு இரவு, வகுப்பறை முழுவதும் பிள்ளைகள் பசியிலும் பயத்திலும் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா எழுந்திருந்து பாடினா. இலந்தைப்பழக்காரியின் பாட்டு. அதே இழுப்பு, அதே வெட்டு, கைதட்டுத் தாளம். ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தினார்கள். சில சிரித்தன. அம்மம்மா ஒரு மூலையிலே வாங்கிலே சாய்ந்திருந்தா. நிப்பாட்டச் சொல்லவில்லை.

தேவாரத்துக்கு அந்த இடத்திலே ஆறுதல் தரமுடியாது என்று நான் சொல்ல வரவில்லை. அழுகிற குழந்தையைச் சிரிக்க வைப்பதற்கு ஒரு துடுக்கு வேண்டியிருந்தது. அந்தத் துடுக்கைத்தான் நாங்கள் ‘கூடாது’ என்று இத்தனை காலம் அடக்கி வைத்திருந்தோம். ஒரு சமூகம் தன் பெண்களின் குரலிலே பாதியை ஒதுக்கிவிட்டால், இடுக்கண் வருகிற நேரத்திலே பாதிக் குரலோடுதான் நிற்கவேண்டி வரும்.

ஈஸ்வரியின் குரல் ஓய்ந்துவிடவில்லை. 2011இல் ‘ஒஸ்தி’ படத்திலே பாடி, தம் பேரப்பிள்ளைகள் வயதுள்ளவர்களை ஆட வைத்தார். 2020இல், எண்பது வயதைத் தாண்டியபின், ‘மூக்குத்தி அம்மன்’ படத்திலும் அவருடைய குரல் ஒலித்தது. அம்மனும் ஆட்டமும் ஒரே பாட்டிலே. இரண்டுக்கும் நடுவே நாங்கள் போட்ட வேலியை அவர் பொருட்படுத்தியதே இல்லை என்று தோன்றுகிறது.

நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘பாசமலர்’ பாட்டையும் பளிங்கு மாளிகைப் பாட்டையும் ஓர் அம்மன் பாட்டையும் ஒரே இருப்பிலே அடுத்தடுத்துக் கேளுங்கள். படத்தை மறந்துவிடுங்கள், யார் ஆடினார்கள் என்பதை மறந்துவிடுங்கள். எந்த இடத்திலே மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லை மிதக்க விடுகிறார், எதை வெட்டுகிறார் என்று மட்டும் கேளுங்கள். பிறகு, உங்கள் வீட்டிலே ஒரு பெண்பிள்ளை அந்தப் பாட்டிலே ஒன்றை வாய்விட்டுப் பாடத் தொடங்கினால், கடைசி அடிவரைக்கும் பாடவிடுங்கள்.