எந்த எஸ்.எஸ்.டி. வாங்கலாம்?



ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய லேப்டாப் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. பட்டனை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாலும், திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பிரவுசரைத் திறந்தால் மறுபடியும் காத்திருப்பு. "இது தேறாதுங்க, புதுசு வாங்கிடுங்க" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். நீங்களும் அதை அலமாரிக்கு மேலே ஏற்றியிருப்பீர்கள்.

அந்த லேப்டாப்பைக் கீழே இறக்குங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அப்படி ஓரங்கட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை இன்னும் சில வருஷம் நன்றாக உழைக்கும். அவற்றின் புராசஸருக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் மெதுவாக இருக்கிறது. அதை மாற்றி எஸ்.எஸ்.டி. போட்டால் மெஷினே வேறாகிவிடும். ஆனால் கடைக்குப் போனால் எஸ்.எஸ்.டி.யில் பத்து வகை காட்டுவார்கள். எதை எடுப்பது, எதற்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பதைப் பார்ப்போம். கேம் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் இதில் செய்தி இருக்கிறது.

முதலில், ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவாகிறது? 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படை ஒன்றுதான்: காந்தப் பூச்சு பூசிய தட்டு சுழலும், ஒரு கை நகர்ந்து நகர்ந்து படிக்கும். கிராமபோன் இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் இருக்கும் தட்டு பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு 90 சுற்று. கேட்க வேகமாகத் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் கை நகர வேண்டும், தட்டின் சரியான இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகள் என்றால், நொடிக்கு நூறு தடவை படிப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். விண்டோஸ் திறக்கும்போது படிக்க வேண்டியதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. எல்லாம் சிலிக்கான் சில்லு. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா என்ற பொறியாளர் 1980-களில் ஃபிளாஷ் மெமரியைக் கண்டுபிடித்தார். இன்று எஸ்.எஸ்.டி.யிலும் பென் டிரைவிலும் செல்போனிலும் இருக்கும் நான்ட் வகையை அவருடைய குழு 1987-இல் உலகத்துக்கு அறிவித்தது. மின்சாரம் நின்றாலும் அழியாத மெமரி. எந்த மூலையில் இருக்கும் கோப்பையும் ஒரே அளவு நேரத்தில் எட்டும். ஹார்ட் டிஸ்க் நூறு தடவை படிக்கும் நேரத்தில், மிகச் சாதாரண எஸ்.எஸ்.டி.கூட ஆயிரக்கணக்கான தடவை படித்து முடித்துவிடும்.

கடையில் ஏமாறுகிற இடம் இதுதான், கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரு வேகம் போட்டிருப்பார்கள். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை என்றால் நொடிக்கு 550 எம்.பி. வரை. என்.வி.எம்.இ. என்ற புதிய வகையில் மூன்றாம் தலைமுறை என்றால் 3,500 எம்.பி., நான்காம் தலைமுறை என்றால் 7,000 எம்.பி. அளவு, ஐந்தாம் தலைமுறை என்றால் பத்தாயிரத்தையும் தாண்டும். பார்த்தால் ஒன்றைவிட ஒன்று பல மடங்கு மேல் என்று தோன்றும். ஆனால் இந்த எண்கள் எல்லாம் ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வருகிற வேகம். கம்ப்யூட்டர் திறப்பது, வேர்டு திறப்பது, பிரவுசரில் பத்து பக்கம் வைத்திருப்பது எல்லாம் சின்னக் கோப்பு வேலை. அதில் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் மலையளவு முன்னேற்றம். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்குப் போனால் சில நொடி மிச்சமாகும். நான்கிலிருந்து ஐந்தாம் தலைமுறைக்குப் போனால் வீட்டு வேலையில் வித்தியாசமே தெரியாது. சூடு அதிகம், விலையும் அதிகம். தினமும் பெரிய பெரிய வீடியோக் கோப்புகளோடு மல்லுக்கட்டும் எடிட்டர்களுக்கு அது தேவைப்படலாம். மற்றவர்கள் அந்தக் காசில் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் ராம் 4 ஜி.பி.தான் இருக்கிறது என்றால் அதை 8 ஆக்குங்கள். பலன் கண்முன்னால் தெரியும்.

சரி, உங்கள் மெஷினில் எது பொருந்தும்? வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இது. பழைய லேப்டாப் என்றால் உள்ளே இரண்டரை அங்குல சாட்டா ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். 2011 முதல் தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் ஆரம்ப காலத்தவை எல்லாம் இந்த ரகம். இதற்கு அதே அளவு சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கி, பழையதைக் கழற்றிய இடத்திலேயே மாட்டிவிடலாம். எஸ்.எஸ்.டி. வழக்கமாக 7 மில்லிமீட்டர் தடிமன். பழைய டிஸ்க் ஒன்பதரை இருந்தால் கொஞ்சம் ஆடும். ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் உட்கார்ந்துவிடும்.

அதற்குப் பின்னால் வந்த மெஷின்களில் எம்.2 என்ற ஸ்லாட் இருக்கும். அதில் மாட்டுவது சூயிங்கம் பட்டை அளவுக்கு ஒரு சின்ன கார்டு. குழப்பம் இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா கார்டும் வருகிறது, என்.வி.எம்.இ. கார்டும் வருகிறது. சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டும்தான் ஏற்கும். மாற்றி வாங்கினால், மாட்ட முடிந்தாலும் மெஷின் அதைக் கண்டுகொள்ளாது. நீளத்தையும் பாருங்கள். 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில சிறிய லேப்டாப்புகளில் 2242 அல்லது 2230 தான் நுழையும். ஸ்டீம் டெக் போன்ற கையடக்கக் கேம் மெஷின்களிலும் 2230 தான். லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் கையேட்டில் பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை. பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: அடாப்டர் வாங்கி என்.வி.எம்.இ. மாட்டினாலும், பழைய மதர்போர்டுகள் பலவற்றில் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது. அவர்களுக்கும் சாட்டாதான் நிம்மதி.

தலைமுறை பற்றிக் கவலைப்படாதீர்கள். நான்காம் தலைமுறைக் கார்டை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டாலும் வேலை செய்யும். ஸ்லாட்டின் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

வேகத்தைவிட நான் முக்கியமாக நினைப்பது உள்ளே இருக்கும் மெமரியின் ரகம். விளம்பரத்தில் இதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். ஃபிளாஷ் மெமரியில் கோடிக்கணக்கான சின்ன அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் எவ்வளவு மின்னூட்டம் நிற்கிறது என்பதுதான் தகவல். டி.எல்.சி. என்ற ரகத்தில் ஓர் அறைக்குள் 3 பிட். அதற்கு மின்னூட்டத்தின் அளவை எட்டு படியாகப் பிரித்து அறிய வேண்டும். கியூ.எல்.சி. ரகத்தில் 4 பிட், பதினாறு படி. அறை அதேதான், கோடுகள் நெருங்கிவிடுகின்றன. அதனால் எழுதுவது தாமதம், அழித்து எழுதும் ஆயுளும் குறைவு. விலை குறைவு என்பதுதான் அதன் பலம்.

கியூ.எல்.சி. டிரைவுகள் இதை மறைக்க ஓர் ஏற்பாடு வைத்திருக்கும். காலியாக இருக்கும் அறைகளில் ஒரு பகுதியை ஒரே ஒரு பிட் எழுதுகிற மாதிரி நடத்தி, வருவதை வேகமாக வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் சின்ன வேலைக்கு ஜோராக இருக்கும். கல்யாண வீடியோ 200 ஜி.பி. ஒரேயடியாக ஏற்றிப் பாருங்கள்: அந்த இடம் நிறைந்ததும் சிலவற்றில் வேகம் பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். டிரைவ் நிறைய நிறைய இது மோசமாகும். அதனால்தான் எந்த எஸ்.எஸ்.டி.யாக இருந்தாலும் பத்து, பதினைந்து சதவீதம் காலியாக விட்டுவைக்கச் சொல்கிறேன். விண்டோஸ் போடுகிற முக்கிய டிரைவுக்கு டி.எல்.சி. வாங்குங்கள். கேம்களை இறக்கி வைக்க, படம் சேமிக்க என்றால் கியூ.எல்.சி. போதும், அங்கே எழுதுவது குறைவு, படிப்பதுதான் அதிகம்.

ஆயுளுக்கு டி.பி.டபிள்யூ. என்று ஓர் எண் கொடுத்திருப்பார்கள். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை வாரண்டி என்பது. சாம்சங் 990 புரோ 1 டி.பி.க்கு 600. குரூஷியல் பி3 1 டி.பி.க்கு 220. முன்னது டி.எல்.சி., பின்னது கியூ.எல்.சி. தினமும் 50 ஜி.பி. எழுதினால்கூட 600 டெராபைட் தீர 32 வருஷத்துக்கு மேல் ஆகும். அதனால் "எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும்" என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். இந்த எண்ணை நான் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் வேறு: மெமரி ரகத்தைப் பெட்டியில் போடாத நிறுவனங்களின் சரக்கை இதை வைத்து ஓரளவு எடை போடலாம். வாரண்டி மூன்று வருஷமா ஐந்து வருஷமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி கன்சோல். பிளேஸ்டேஷன் 5 முதலில் வந்தபோது உள்ளே 825 ஜி.பி. கொடுத்தார்கள், கேம்களுக்குக் கிடைத்தது 667 ஜி.பி. அளவுதான். நூறு ஜி.பி.யைத் தாண்டும் கேம்கள் இருக்கும் காலத்தில் அது சட்டென்று நிறைந்துவிடும். 2021 செப்டம்பரில் சோனி அதன் எம்.2 ஸ்லாட்டைத் திறந்துவிட்டது. நிபந்தனைகள் தெளிவானவை. நான்காம் தலைமுறை என்.வி.எம்.இ. ஆக இருக்க வேண்டும். படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்.பி. அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. சூடு தணிக்கும் ஹீட் சிங்க் கட்டாயம். ஹீட் சிங்க்கோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. டெஸ்க்டாப்புக்கென்று செய்த பெரிய ஹீட் சிங்க் பல இதில் மூடாது. இன்னொரு நுணுக்கம்: விலை குறைந்த டிரைவுகள் தமக்கென்று தனி ராம் இல்லாமல் கம்ப்யூட்டரின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கி ஓடும். பிளேஸ்டேஷன் 5 அந்தக் கடனைக் கொடுக்காது. அதனால் கம்ப்யூட்டரில் காட்டும் வேகத்தை அத்தகைய டிரைவ் இங்கே காட்டாமல் போகலாம்.

யு.எஸ்.பி.யில் மாட்டும் டிரைவில் பிளேஸ்டேஷன் 5 கேம்களைச் சேமித்து வைக்கலாம், அங்கிருந்து ஆட முடியாது. பிளேஸ்டேஷன் 4 கேம்களை ஆடலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் வைத்திருப்பவர்கள் சாதாரண எம்.2 டிரைவ் வாங்கிவிடாதீர்கள். பின்பக்கம் செருகும் தனி கார்டு மட்டும்தான் அதற்கு. பழைய பிளேஸ்டேஷன் 4 வீட்டில் இருந்தால் அதில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. தாராளமாகப் போடலாம்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் போலிகளைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று. "16 டி.பி. போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி." என்று மிகச் சொற்ப விலைக்கு விளம்பரம் வரும். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். கொள்ளளவு அதிகம் என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அமைத்திருப்பார்கள். நீங்கள் ஏற்றும் படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு அழியும். பல மாதம் கழித்துத்தான் தெரியவரும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிச் சோதித்துவிடலாம். பழைய டிரைவைப் புதியது என்று தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பார்க்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு எழுதப்பட்டது என்று காட்டும். 1 டி.பி. வாங்கினால் விண்டோஸில் 931 ஜி.பி. என்று தெரியும். அது மோசடி இல்லை, கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு.

கொள்ளளவு? 256 ஜி.பி. இன்று இழுபறிதான். படிக்கிற பிள்ளைக்கு 500, கேம் ஆடுபவருக்கு 1 டி.பி.க்குக் குறையாமல் வாங்குங்கள்.

மாற்றியபின் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல நேரம் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி. ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். அதில் அழித்த கோப்பை மீட்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம். அதனால் பிரதி அவசியம். பழைய டிஸ்க்கைப் போட யு.எஸ்.பி. கேஸ் என்று கடையில் கேட்டால் கிடைக்கும், விலையும் குறைவுதான். டிஸ்க் இன்னும் நல்ல நிலையில் இருந்தால் அதை அதற்குள் போட்டு, குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், பிள்ளைகளின் பாடக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி. மாட்டுகிற அன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள்.